கணவரைக் கனடாவுக்குக் கூட்டிப்போக நான்கு வழிகள்: துபாயில் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கு

முதலில் இது யாருக்கு உதவாது என்று சொல்லிவிடுகிறேன். கையில் கனடா பிஆர் (நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) மட்டும் இருக்கிறது, லேண்டிங் (பிஆரோடு முதல் முறை போய் இறங்குவது) முடித்த கையோடு வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பி வந்து வேலை பார்க்கிறீர்கள் என்றால், அங்கே இருந்துகொண்டே மனைவியையோ கணவரையோ ஸ்பான்சர் செய்ய முடியாது. பிஆர் வைத்திருப்பவர் கனடாவில் குடியிருந்தால்தான் ஸ்பான்சர் ஆகலாம். துபாய் கராமாவில் எங்கள் கட்டடத்திலேயே இப்படி ஒரு தம்பி இருந்தார். ஊரில் பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, "பேப்பர் போட்டால் ஒரு வருஷத்தில் வந்துவிடும்" என்று பெண் வீட்டில் சொல்லியும் வைத்துவிட்டார். விதியைப் படித்தது அதற்கப்புறம்தான். அவருக்கு ஒரே வழி, வேலையை விட்டுவிட்டு முதலில் தான் போய் உட்கார்வது.

வெளிநாட்டில் இருந்தபடி விண்ணப்பிக்கும் சலுகை கனடாவின் குடிமக்களுக்கு மட்டும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: துணைவர் பிஆர் ஆகும் நேரத்தில் நானும் கனடாவில் குடியிருப்பேன் என்று காட்ட வேண்டும். இந்த ஒரு வரியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

எங்கள் கதை சுருக்கமாக. நான் படிக்கப் போய் டொரான்டோவில் தங்கிவிட்டவள். 2019-ல் குடியுரிமை கிடைத்தது, இந்திய பாஸ்போர்ட்டைச் சரண்டர் செய்தேன், 2020-ல் துபாயில் நல்ல வேலை கிடைத்து வந்துவிட்டேன். கணவர் மதுரைக்காரர், தோகாவில் மூன்று வருடம் இருந்துவிட்டு துபாய் வந்தவர், கையில் இந்திய பாஸ்போர்ட். 2021-ல் மதுரையில் கல்யாணம். அடுத்த வருடம் துபாயில் மகள் பிறந்தாள். 2023 கடைசியில் திரும்பிப் போவது என்று முடிவு செய்தபோது எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, சண்டையும் போட்டு, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் வீணாகப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. நான் கனடாவிலேயே குடியுரிமை பெற்றவள். அதற்குப் பிறகு எனக்கு எந்த நாட்டில் குழந்தை பிறந்தாலும் அது பிறக்கும்போதே கனடாக் குடிமகள். அவளை ஸ்பான்சர் செய்யத் தேவையில்லை, செய்யவும் கூடாது. குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் போதும், கட்டணம் 75 கனடா டாலர். இதைத் தனியாக, முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

சரி, வழிகள்.

முதல் வழி, இரண்டு பேரும் துபாயிலேயே இருந்துகொண்டு குடும்ப வகுப்பில் விண்ணப்பிப்பது. எல்லாரும் 'அவுட்லேண்ட்' என்று சொல்வது இதைத்தான். இரண்டாவது, நான் மட்டும் முதலில் டொரான்டோ போய் வேலை, வீடு என்று நிலைத்துக்கொண்டு அங்கிருந்து இதே விண்ணப்பத்தைப் போடுவது, அவர் துபாயில் காத்திருப்பது. மூன்றாவது, அவரை விசிட்டர் விசாவில் கூட்டிக்கொண்டு போய், கனடாவுக்குள் இருந்தபடி 'இன்லேண்ட்' வகுப்பில் போடுவது. நான்காவது, ஸ்பான்சர்ஷிப்பே வேண்டாம், அவர் தன் படிப்பையும் அனுபவத்தையும் வைத்து, புள்ளிக் கணக்கில் ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வருவது.

நான்காவதை ஒரே சாயங்காலத்தில் தள்ளிவிட்டோம். அவருக்கு அப்போது 36 வயது. அந்தப் புள்ளிக் கணக்கில் 30 தொட்டதிலிருந்தே வருடா வருடம் வயதுப் புள்ளி குறையும். துணைவர் கனடாக் குடிமகள் என்றால் விண்ணப்பிப்பவரைத் தனி ஆள் போலத்தான் கணக்கிடுவார்கள், அது கொஞ்சம் சாதகம்தான், ஆனால் ஐநூறைத் தாண்டி ஓடும் கட்ஆஃபுக்கு அது போதவில்லை. கட்டணமும் அதிகம், பயோமெட்ரிக் சேர்க்காமலே அப்போது 1,365 டாலர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் நல்ல ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணோடு இருக்கும் கணவனோ மனைவியோ என்றால் இதையும் யோசிக்கலாம். முக்கியமாக யாரும் யாருக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது இதன் நிம்மதி. எங்களுக்குச் சரிப்படவில்லை.

அந்தப் பொறுப்பு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், முதல் மூன்று வழிக்கும் அது பொது. துணைவர் பிஆர் ஆன நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு அவருடைய அடிப்படைத் தேவைக்கு நான் பொறுப்பு என்று எழுதிக்கொடுக்கிறேன். நடுவில் பிரிந்தாலும், விவாகரத்தே ஆனாலும் அந்தக் கையெழுத்து செல்லும். அவர் அரசிடம் உதவித்தொகை வாங்கினால் அந்தப் பணம் என் கணக்கில் கடனாக ஏறும். இதைச் சிரித்துக்கொண்டே கடந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம் பலர் பயப்படும் ஒன்று இதில் இல்லை: கணவன் மனைவி ஸ்பான்சருக்குக் குறைந்தபட்ச வருமானம் இவ்வளவு என்று எந்த வரம்பும் பொதுவாகக் கிடையாது. அப்பா அம்மாவை அழைப்பதற்குத்தான் அந்தக் கணக்கு. நான் திவாலாகியிருக்கக் கூடாது, ஊனம் தவிர வேறு காரணத்துக்காக அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அத்தைக்கு வேறொரு பயம். "ஏம்மா, இவனுக்குச் சர்க்கரை இருக்கே, மெடிக்கல்ல தூக்கிருவாங்களோ?" என்று வாரத்துக்கு ஒரு போன் வரும். செலவு அதிகம் பிடிக்கும் நோய் என்று சொல்லி நிராகரிக்கும் விதி, ஸ்பான்சர் செய்யப்படும் கணவன் மனைவிக்குப் பொருந்தாது. இதை அவருக்கு நான்கு முறையாவது விளக்கியிருப்பேன்.

இனி இன்லேண்ட். எங்கள் நண்பர்கள் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் இதைத்தான் சொன்னார்கள். "அங்க போயிடுங்க, ஒர்க் பர்மிட் கொடுத்துடுவான், வேலை பாத்துக்கிட்டே காத்திருக்கலாம்." இது ஒரு காலத்தில் நியாயமான பேச்சு. 2014 டிசம்பரில் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள், இன்லேண்ட் வகுப்பில் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் காத்திருக்கும் காலத்தில் திறந்த வேலை அனுமதி கொடுப்பது என்று. அதனால் கனடாவுக்குள் இருந்தவர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். ஆனால் 2023 மே மாதத்தில் அதை விரித்துவிட்டார்கள். இப்போது அவுட்லேண்டில் போட்டவரும், சட்டப்படி கனடாவுக்குள் வந்து ஸ்பான்சரோடு ஒரே முகவரியில் இருந்தால், விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தைக் காட்டி வேலை அனுமதி கேட்கலாம். இன்லேண்டுக்கு இருந்த பெரிய கவர்ச்சியே இதோடு போயிற்று. நண்பர்கள் சொன்ன யோசனை 2023-க்கு முந்தையது, அவர்கள் யாரும் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

கவர்ச்சி போனாலும் இன்லேண்டின் குறைகள் அப்படியே இருக்கின்றன. ஒன்று, இரண்டு பேரும் கனடாவில் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும். ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்று அவர் வெளியே போய்விட்டு, திரும்பி வரும்போது எல்லையில் உள்ளே விடவில்லை என்றால் அந்த விண்ணப்பம் அம்பேல். இந்திய பாஸ்போர்ட்டில் விசிட்டர் விசா வைத்திருப்பவருக்கு இது சும்மா சொல்லும் பூச்சாண்டி இல்லை. மாமனாருக்கு 74 வயது. வருடக்கணக்கில் மதுரைப் பக்கம் போகவே முடியாது என்ற நிலையில் கணவரை நான் உட்கார வைக்கத் தயாராக இல்லை.

இரண்டாவது குறைதான் பெரியது. அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. நிராகரித்துவிட்டால் என்ன? குடும்ப வகுப்பில், அதாவது அவுட்லேண்டில், மறுத்தால் ஸ்பான்சருக்குக் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை உண்டு, 30 நாளுக்குள் போடணும். அங்கே புதிய சான்றுகள் காட்டலாம், கணவன் மனைவி இருவரும் வாய்மொழியாகச் சொல்லலாம், முழு விஷயத்தையும் முதலிலிருந்து பார்ப்பார்கள். இன்லேண்டில் அந்த உரிமை கிடையாது. பெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதுவும் முதலில் அனுமதி கேட்டு. அங்கே பார்ப்பது அதிகாரி முடிவெடுத்த விதம் நியாயமா என்பதைத்தான், உங்கள் கல்யாணம் உண்மையா என்று விசாரிக்க அந்த நீதிபதி உட்காரவில்லை. பார்த்துவைத்த கல்யாணம், பெண் பார்த்ததிலிருந்து தாலி கட்டும் வரை ஐந்து மாதம், அதில் நேரில் சந்தித்தது மூன்றே முறை. இந்த மாதிரிக் கதையோடு போகிற எங்களைப் போன்றவர்களுக்கு மேல்முறையீட்டு உரிமை என்பது கையில் குடை மாதிரி. மழை வராமல் போகலாம், ஆனாலும் வீட்டில் விட்டுவிட்டுப் போகத் தோன்றுமா?

நேரம்? அவுட்லேண்ட் பெரும்பாலும் வேகம். சுமார் ஒரு வருடம் என்பது பழைய இலக்கு, அதைத் தாண்டுவதும் உண்டு, இன்லேண்ட் அதற்கும் மேலே இழுக்கும். அதோடு இப்போது குடியேற்ற எண்ணிக்கையையே குறைக்கிறார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற பிரிவுக்கு 2024-ல் 82,000 என்று இருந்த இலக்கு, 2025-க்கு 70,000 ஆனது. இலக்கு குறைந்தால் வரிசை நீளும் என்பதற்குப் பெரிய கணக்குப் பாடம் வேண்டாம். கியூபெக்கில் குடியேறப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் மாகாண அரசின் ஒப்புதலும் வேண்டும், அது தனி வரிசை. அதில் மாட்டினவர்களைப் பார்த்தால் ஒன்டாரியோவைப் பற்றிய என் புலம்பல் எல்லாம் அடங்கிவிடும்.

இன்லேண்ட் யாருக்குப் பொருந்தும் என்றால், துணைவர் ஏற்கனவே கனடாவில் இருக்கிறார், தங்கும் அனுமதி காலாவதியாகிவிட்டது, வெளியே போனால் திரும்ப வர முடியாது. அந்த நிலைமைக்கென்றே 2005-ல் ஒரு சலுகை வந்தது, விசா காலம் கடந்து தங்கிவிட்ட துணைவருக்கும் இன்லேண்டில் இடம் உண்டு. அவர்களுக்கு இது வரப்பிரசாதம். துபாயில் வேலையோடு இருக்கும் நாங்கள் அந்த வாசலில் போய் நிற்க எந்த அவசியமும் இல்லை.

இடையில் ஒரு கலப்பு வழியும் இருக்கிறது, எங்களுக்கு அமையவில்லை என்றாலும் சொல்கிறேன். விண்ணப்பத்தை அவுட்லேண்டில் போட்டுவிட்டு, துணைவர் விசிட்டராகக் கனடா வந்து, வேலை அனுமதி வாங்கி, அங்கேயே காத்திருப்பது. மேல்முறையீட்டு உரிமையும் போகாது, வெளியே போய் வந்தாலும் விண்ணப்பம் சாகாது. பின்னால் குடியுரிமை வாங்கக் கனடாவில் தங்கியிருக்க வேண்டிய 1,095 நாளில், பிஆர் ஆவதற்கு முன் சட்டப்படி தங்கிய ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365 நாள் வரை. விசா தேவையில்லாத பாஸ்போர்ட் இருந்தால், அதாவது லண்டனிலோ பாரிஸிலோ வளர்ந்த நம் பிள்ளைகள், அல்லது சிங்கப்பூர்க் குடிமக்கள், ஏழு டாலருக்கு இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி எடுத்து விமானம் ஏறிவிடலாம். அவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசிட்டர் விசா என்பது ஒரு தனிச் சூதாட்டம். நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்துவிட்டுத் தற்காலிகமாகவும் வரலாம், இரண்டு எண்ணமும் ஒன்றாக இருப்பது குற்றமில்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் விசா அதிகாரி 'இவர் திரும்பிப் போவாரா' என்றுதான் பார்ப்பார். நாங்கள் ஒருமுறை முயன்றோம், மறுத்துவிட்டார்கள். சுற்றுலா என்று பொய் சொல்லிக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்னமோ, ஆனால் பொய் பிடிபட்டால் ஐந்து வருடம் கனடாப் பக்கமே வர முடியாது. அந்த ஆட்டத்துக்கு நாங்கள் வரவில்லை.

ஆக, மிச்சம் முதல் இரண்டு வழிகள். நாங்கள் துபாயிலேயே காத்திருப்பதா, நான் முதலில் போவதா. உண்மையான சண்டை இங்கேதான்.

அவர் சொன்னது: நீ முதலில் போ. காரணங்களும் நியாயமானவை. அங்கே போய்விட்டால் 'திரும்பி வருவேன்' என்று நிரூபிக்கும் தலைவலி எனக்கு இல்லை, நான்தான் அங்கேயே இருக்கிறேனே. வேலை தேடுவது நேரில் சுலபம், டொரான்டோக்காரர்கள் துபாய் நம்பரைப் பார்த்தாலே போனை எடுப்பதில்லை. பிள்ளைக்குப் பள்ளி, டேகேர் வரிசை எல்லாம் முன்னாலேயே தொடங்கலாம்.

நான் பேனாவை எடுத்தேன். துபாயில் ஒரு வாடகை, டொரான்டோவில் ஒரு வாடகை. இரண்டு வயதுக் குழந்தையோடு நான் தனியாக, அல்லது குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு நான் தனியாக. டேகேர் செலவு முழுக்க ஒரே சம்பளத்தில். அவர் வருடத்துக்கு இரண்டு முறை வரலாம் என்றால் விசாவே கிடைக்கவில்லை, அதனால் நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதிமூன்று, பதினான்கு மணி நேரம் பறக்கணும். இதெல்லாம் பன்னிரண்டு மாதம் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம், பதினெட்டு மாதம் என்றால்? எத்தனை மாதம் என்று யாரும் எழுதிக்கொடுக்கப் போவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணம் உண்மையா என்று பார்க்கும் அதிகாரிக்கு, ஒரே கூரையின் கீழ் வாழும் கணவன் மனைவியின் காகிதங்களை விட வலுவான சான்று கிடையாது. எங்கள் இருவர் பெயரும் இருக்கும் எஜாரி வாடகை ஒப்பந்தம், தேவா மின்சார பில், ஒரே முகவரியில் காப்பீடு, மகளின் பிறப்புச் சான்றிதழ். இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு நானே பிரிந்து போய், அப்புறம் வாட்ஸ்அப் அழைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவானேன்?

எல்லாரும் எது வேகம் என்று கேட்கிறார்கள். நாங்கள் கேட்டது, காத்திருக்கும் வருடத்தை எங்கே கழிப்பது என்று. அப்படிக் கேட்டதும் துபாய் என்று தானாக வந்துவிட்டது.

ஆனால் முதல் வழியை எடுப்பவர்கள் அந்த ஒரு வரி நிபந்தனையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'கனடா திரும்பும் எண்ணம் இருக்கிறது' என்று ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினால் போதாது. நான் ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன், எந்த மாதத்தில் எதைச் செய்வோம் என்று. ஸ்கார்பரோவில் இருக்கும் சித்தி மகன் தன் வீட்டு பேஸ்மென்ட்டை எங்களுக்கு ஒதுக்கித் தருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். என் பழைய மேலாளரோடு வேலை பற்றிப் பேசிய மின்னஞ்சல்கள், மூடாமல் வைத்திருந்த வங்கிக் கணக்கு, துபாய் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அதைப் புதுப்பிக்கப் போவதில்லை என்ற விவரம், எல்லாவற்றையும் இணைத்தோம். கனடாவில் நான் வரி கட்டும் குடியிருப்பாளராக இல்லாததால் அந்த வருடத்து வரி மதிப்பீட்டுக் கடிதம் இல்லை. அதற்கும் ஏன் இல்லை என்று தனியாக ஒரு விளக்கக் கடிதம். கேட்ட காகிதம் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள், ஏன் இல்லை என்று நாலு வரி எழுதி வையுங்கள்.

திரும்பும் எண்ணம் நிஜமாகவே இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. 'இப்போதைக்குப் போட்டு வைப்போம், பின்னால் உதவும்' என்று இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி நினைப்பவர்கள் நிறைய. பிஆர் வந்து, லேண்டிங் முடித்து, மறுபடி இரண்டு பேரும் துபாய்க்கே வந்துவிட்டால்? பிஆரைத் தக்கவைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற விதியில், குடிமகனான துணைவரோடு வெளிநாட்டில் சேர்ந்து இருந்த நாட்களும் கணக்கில் வரும், அது உண்மைதான். ஆனால் யார் யாரோடு போனது, குடிமகளோடு இவர் போனாரா அல்லது இவர் வேலைக்காக அவள் போனாளா என்று கேட்டுத் தகராறு ஆன வழக்குகள் இருக்கின்றன. குடியுரிமைக்கோ அந்த நாட்கள் சேரவே சேராது. எல்லாவற்றுக்கும் மேல், ஸ்பான்சர் விண்ணப்பத்தில் கனடாவில் குடியிருப்பேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள்.

காகித வேலையில் எங்களை அதிகம் படுத்தியது ஐஎம்எம் 5532 என்ற படிவம், உறவைப் பற்றிய கேள்வித்தாள். முதலில் எங்கே சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தது, கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், தேனிலவு போனீர்களா என்றெல்லாம் கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, மகளைத் தூங்க வைத்துவிட்டு ஆளுக்கொரு காகிதத்தில் தனித்தனியாகப் பதில் எழுதிப் பார்த்தோம். முதல் கேள்வியிலேயே உதைத்தது. முதல் சந்திப்பு என்று நான் எழுதியது அண்ணாநகர் வீட்டில் பெண் பார்க்க வந்த நாள். அவர் எழுதியது அதற்கு இரண்டு வாரம் முன்னால் பேசிய வீடியோ கால். கல்யாணக் கூட்டம் எவ்வளவு என்று மதுரைக்குப் போன் போட்டால் அத்தை "ஆயிரம் இலை விழுந்துச்சு" என்கிறார், மாமா அறுநூறு என்கிறார். கடைசியில் மொய் நோட்டை எடுத்து எண்ணச் சொன்னோம். 412 பெயர். குடும்பத்துக்கு ஒரு பெயர்தானே எழுதுவார்கள். 'சுமார் எழுநூறு' என்று எழுதி, மொய் நோட்டின் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து, மொழிபெயர்ப்போடு, மொய் என்றால் என்ன என்று மூன்று வரி விளக்கத்தோடு சேர்த்து அனுப்பினோம். இது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியலாம். ஆனால் படிப்பவர் நம் ஊர்க் கல்யாணம் பார்க்காதவர். ஐந்து மாதத்தில் கல்யாணம் என்பது நம் வழக்கத்தில் சாதாரணம் என்று நாம்தான் எழுதணும். ஸ்டுடியோ ஆல்பத்தில் செயற்கையாகச் சிரிக்கும் படங்களை விட, பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்து அவர் தம்பி என்னைக் கிண்டல் செய்யும் மொபைல் படம் நல்லது. இருபது படம் போதும், ஒவ்வொன்றுக்கும் கீழே யார், எங்கே, எப்போது.

கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொள்ளாமல் பதிவும் செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்வது கட்டாயம்தான், ஆனாலும் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர்கள் முதலில் 'எழுத்தை', அதாவது பதிவை, முடித்துவிட்டு மாதங்கள் கழித்துத் தாலி கட்டுவார்கள். அவர்களும் இந்த இரண்டு தேதிக்கும் நடுவே ஏன் இடைவெளி என்று விளக்கி எழுதுவது நல்லது. போன் வழியாகவோ ஆள் மாற்றியோ நடந்த கல்யாணம் 2015 ஜூன் மாதத்திலிருந்து செல்லாது, இரண்டு பேரும் ஒரே இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் போலீஸ் சான்றிதழ். கடந்த பத்து வருடத்தில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். துபாயில் சுலபம், இந்தியாவுடையதும் வந்துவிட்டது, தோகாவிலிருந்து வாங்கத்தான் இரண்டு மாதம் ஆயிற்று. வளைகுடாவில் நாடு மாறி மாறி வேலை பார்த்தவர்கள் மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைத் தொடங்குங்கள்.

பணக் கணக்கில் நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். 2024 மார்ச்சில் விண்ணப்பத்தை அனுப்பினோம், கட்டணம் 1,080 டாலர், பயோமெட்ரிக் 85. ஏஜென்ட்டிடம் கொடுக்காமல் நானே செய்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மே மாதம் முழுமையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, என் கையெழுத்துதான். அதற்குள் ஏப்ரல் 30-ல் கட்டணம் ஏறி 1,205 ஆகியிருந்தது. விட்டுப்போன ஒரு கையெழுத்துக்கு 125 டாலர் அபராதம் என்று அவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். இந்தக் கட்டணங்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள், அதனால் நான் சொல்லும் தொகையை நம்பாமல் கட்டும் நாளில் கனடாக் குடிவரவுத் துறையான ஐஆர்சிசியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வைப்பதாக இருந்தால் வழக்கறிஞர், அல்லது குடிவரவு ஆலோசகர்களைக் கண்காணிக்கக் கனடா அரசு அமைத்த 'காலேஜ்' என்ற அமைப்பின் பட்டியலில் பெயர் இருப்பவர். துபாய் தேராவில் மாடிப்படி ஏறினால் நான்கு போர்டு தொங்கும், அதில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

நாங்கள் மே மாதம் மறுபடி அனுப்பிய விண்ணப்பத்துக்கு, பதின்மூன்று மாதம் கழித்து, 2025 ஜூனில் பாஸ்போர்ட் கேட்டு மின்னஞ்சல் வந்தது. நேர்காணலுக்கு அழைக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு கடிதம், ஸ்பான்சர் எப்போது கனடா திரும்புகிறார் என்று புதிய விவரம் கேட்டு. முன்பு எழுதிய கடிதத்தைத் தேதி மாற்றி, புதிய வேலைக் கடிதத்தையும் சேர்த்து ஒரு வாரத்தில் பதில் போட்டோம். அந்தப் பதின்மூன்று மாதத்தில் அவர் இரண்டு முறை மதுரை போய் வந்தார். ஒருமுறை மாமாவுக்குக் கண் ஆபரேஷன்.

ஆகஸ்டில் மூன்று பேரும் ஒரே விமானத்தில் போய் இறங்கினோம். பியர்சன் விமான நிலையத்தில் அதிகாரி அவரிடம் கேட்டது, மனைவி எங்கே என்று. பக்கத்தில் தூக்கக் கலக்கத்தில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற என்னைக் காட்டினார். பிறகு எங்களோடு வராமல் பின்னால் வரப்போகும் சாமான்களின் பட்டியலைக் கேட்டார்கள். இறங்கும் நாளிலேயே அதைக் கொடுத்துவிட்டால் பின்னால் வரும்போது வரி இல்லை. அவர் விமானத்தில் உட்கார்ந்து எழுதியது, பதினோரு வரி, அதில் ஏழாவது வரி மதுரை வீட்டு வெட் கிரைண்டர். அங்கே 230 வோல்ட், இங்கே 120, ஓடாது என்று நான் விமானத்திலேயே சொன்னேன். பட்டியலில் முத்திரை விழுந்த பிறகு, டிரான்ஸ்பார்மர் வாங்கிக்கலாம் என்றார்.